கிழமை இல்லாத சட்டை

என் வீட்டுக்காரரை எங்கள் தெருவில் சிவப்பு நூல் என்றுதான் சொல்வார்கள். பெயரைச் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. நாங்கள் சலவைக்கடை வைத்திருக்கிறோம். கடைக்கு வருகிற ஒவ்வொரு சட்டையிலும் காலருக்கு உள்பக்கம் சிவப்பு நூலால் வாடிக்கையாளர் நம்பரைத் தைப்பார். அதற்குக் கீழே ஒரே ஓர் எழுத்து. தி என்றால் திங்கட்கிழமை, பு என்றால் புதன்கிழமை. துணியைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய நாள். நம்பர் அப்படியே நிற்கும், கிழமையை மட்டும் ஒவ்வொரு தடவையும் பிரித்துப் புதிதாகத் தைப்பார். மற்ற கடைக்காரர்கள் மையால் கிறுக்கிவிட்டு வீட்டுக்குப் போய்க் காலை நீட்டிப் படுத்திருப்பார்கள். இவர் ஊசியும் கையுமாக உட்கார்ந்திருப்பார்.

கிழமை இல்லாத துணி என்றால் வாங்க ஆள் வராத துணி. ஆறு மாதம் பார்ப்போம். யாரும் வராவிட்டால் கிழமையைப் பிரித்தெடுத்துவிட்டு அலமாரியின் அடித்தட்டில் தள்ளிவிடுவார். நம்பர் மட்டும் மிஞ்சியிருக்கும். எங்கள் வீட்டுத் துணியில் நம்பரும் கிடையாது, கிழமையும் கிடையாது. மாமனார் கடையைத் தொடங்கிய நாளிலிருந்து அதுதான் சட்டம்.

வீட்டுக்காரரைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். யார் வாயிலிருந்து எது வந்தாலும் அதை ஆர்டராக எடுத்துக்கொள்வார். ஒருமுறை பாங்கியில் வேலை பார்க்கும் ஒருவர், பெண்டாட்டியோடு சண்டை போட்ட கோபத்தில் அவள் வாங்கிக் கொடுத்த சட்டையைக் கொண்டுவந்து, துவைத்து யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்றார். இவர் துவைத்து, இஸ்திரி போட்டு, எதிர்க் கடை வாட்ச்மேனுக்குக் கொடுத்தேவிட்டார். நாலாம் நாள் அந்த மனுஷன் வந்து நின்றபோது வாட்ச்மேன் அதே சட்டையோடு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். நீங்கதானே சார் சொன்னீங்க என்றார் இவர். இப்படிப்பட்டவர் காதில் எதைப் போடலாம், எதைப் போடக்கூடாது என்று இருபத்திரண்டு வருஷம் குடித்தனம் நடத்திய எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மாமனாருக்கும் எனக்கும் ஆகாது. மூடி மறைக்க ஒன்றுமில்லை. நான் இஸ்திரி போட்டு அடுக்கியதிலிருந்து ஒரு சட்டையை உருவி, கடையில் நிற்பவர்களிடம் விரித்துக் காட்டுவார். எங்க மருமக கோபத்துல போட்ட மடிப்பு, சமாதானமா இருக்கிற நாள்ல வாங்க, இன்னும் நல்லா இருக்கும் என்பார். ஆட்கள் சிரிப்பார்கள். என்னிடம் நேரடியாகப் பேசவே மாட்டார். நான் பக்கத்தில் நிற்கும்போதே மகனைப் பார்த்து, உன் மகாராணிகிட்ட டீ கேளு என்பார். நான் சொல்லப்போகிற பயணத்துக்கு எட்டு மாதம் முன்னால் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பில் அடிபட்டது. அதற்கப்புறம் அவரை எழுப்ப, உட்காரவைக்க, குளியலறை வாசலில் காவல் நிற்க எல்லாம் நான்தான். அப்போதும் மகாராணிதான்.

இந்த நிலைமையில் நாத்தனாரிடமிருந்து போன் வந்தது. என் வீட்டுக்காரருக்கு மூத்தவர், நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். தலைநகரத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் ஹெட் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லோரும் வாருங்கள், ஒரு வாரம் இருந்து ஊரைச் சுற்றிப் பார்க்கலாம், டிக்கெட் எடுத்தாகிவிட்டது என்றார். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு வாய் காபிக்குக் கூப்பிடாதவர். எனக்கு அப்போதே மூக்கு வேர்த்தது. என்ன திடீர்னு என்று வீட்டுக்காரரைக் கேட்டேன். அவர் நூலை ஊசியில் கோத்துக்கொண்டே, கூப்பிடுறாங்க, போயிட்டு வருவோம் என்றார். மாமனாரின் பையைத் தானே அடுக்கிவிட்டதாகவும் சொன்னார். அவர் பை அடுக்கி நான் பார்த்ததே இல்லை. வேலை மிச்சம் என்று சும்மா இருந்துவிட்டேன்.

சனிக்கிழமை காலையில் போய் இறங்கினோம். மூன்றாவது மாடியில் ஓர் அறையும் சமையலறையும். லிப்ட் கிடையாது. மாமனாரை ஏற்றுவதற்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. ஃப்ரிட்ஜ் கதவில் அண்ணி ஒரு தாள் ஒட்டியிருந்தார். ஞாயிறு அருங்காட்சியகம், திங்கள் பாராளுமன்றம், செவ்வாய் மிருகக்காட்சிசாலை, புதன் கோபுரம், வியாழன் படகு, வெள்ளி பழைய மாளிகை. எத்தனை மணிக்கு எழுந்திருக்க வேண்டும், எத்தனை மணிக்கு மாத்திரை, எத்தனை மணிக்குப் பாத்ரூம் என்று எல்லாம் எழுதியிருந்தது. சுற்றுலாவா, வார்டா என்று கேட்டேன். வார்டுல இருக்கிறவங்க இவ்வளவு பேச மாட்டாங்க என்றார் அண்ணி.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அருங்காட்சியகத்துக்குக் கிளம்பும்போது மாமனார் ரயிலில் போட்டுவந்த பழுப்புக் கட்டம் போட்ட சட்டையோடு நின்றார். பையிலிருந்து ஒரு நீலச் சட்டையை எடுத்து நீட்டினேன். வாங்கினார், விரித்துப் பார்த்தார், மடித்துத் திரும்பப் பைக்குள் வைத்தார். இதுவே போதும்னு சொல்லு என்று மகனிடம் சொன்னார். ராஜா காலத்து உடைகளும் கத்திகளும் இருந்த கூடத்தில் இரண்டு மணி நேரம் சுற்றினோம். வீட்டுக்காரர் கத்தியையும் பார்க்கவில்லை, கிரீடத்தையும் பார்க்கவில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த ஒரு ராஜாவின் கோட்டில் முகத்தை ஒட்டி வைத்துக்கொண்டு, இது ரத்தக்கறைனு எழுதிப் போட்டிருக்காங்க, இது துருக்கறை, எலுமிச்சை போட்டா போயிடும் என்று காவலாளியிடம் சொன்னார். மாமனார் அங்கிருந்த ராணியின் நாற்காலியைக் காட்டி, நம்ம வீட்டுக்கு ஒண்ணு வேணுமே என்றார். அண்ணி சிரித்தார். அப்பாவும் மகளும் ஒன்று சேர்ந்து மூன்றாம் ஆளைக் கிண்டல் செய்வது மாதிரி இருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

திங்கட்கிழமை காலையிலும் அதே பழுப்புச் சட்டைதான். வீம்பு என்று நினைத்தேன். எல்லோரும் கீழே இறங்கியபின் ஒரு சட்டையையாவது கைப்பையில் எடுத்துக்கொள்வோம், எங்கேயாவது மாற்றிவிடலாம் என்று பையைத் திறந்தேன். நீலச் சட்டையின் காலருக்குள் சிவப்பு நூல். 41. அதற்குக் கீழே கிழமை இல்லை. அடுத்த சட்டையை எடுத்தேன், அதிலும் 41. ஏழு சட்டையிலும் 41. எங்கள் வீட்டுத் துணியில் நம்பரைப் பார்ப்பது அதுவே முதல் தடவை. நீலச் சட்டையைக் கைப்பைக்குள் திணித்தேன்.

பதில் அதிக தூரத்தில் இல்லை. சமையலறையில் மாத்திரை டப்பாவுக்கு அடியில் ஒரு வழவழப்பான தாள் இருந்தது. முதியோர் இல்லம் ஒன்றின் விதிமுறைகள். சேருகிறவரின் எல்லா உடைகளிலும் அறை எண் அழியாதபடி குறிக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது நாலாவது விதி. மேலே பேனாவால் அறை 41 என்றும், வெள்ளி காலை பதினொன்று என்றும் எழுதியிருந்தது. வெள்ளிக்கிழமை பழைய மாளிகை எது என்று புரிந்துவிட்டது. சொல்லாமல் கொள்ளாமல் கூட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டு வருவதற்குத்தான் இந்த அருங்காட்சியகமும் படகும்.

அண்ணியின் வேலைதான் என்று முடிவு செய்துவிட்டேன். கல்யாணத்துக்கு முன்னால் அவரும் கடையில் உட்கார்ந்து நம்பர் தைத்தவர். சனிக்கிழமை பையை வாங்கி உள்ளே வைத்ததும் அவர்தான். ஆஸ்பத்திரியில் நோயாளியை வேறு வார்டுக்கு மாற்றும்போது முன்கூட்டிச் சொல்லக்கூடாது, சொன்னால் ரகளை பண்ணுவார்கள் என்று அன்று காலை டீ குடிக்கும்போதுகூடப் பெருமையாகச் சொல்லியிருந்தார்.

உடனே போய்ச் சண்டை பிடித்திருக்கலாம். பிடிக்கவில்லை. ஏன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பாராளுமன்றப் படிக்கட்டில் வரிசையில் நிற்கும்போது, மகளே பழியைத் தலையில் போட்டுக்கொண்டு அப்பாவை எங்கேயாவது சேர்க்கிறாள் என்றால் எனக்கென்ன வந்தது என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். ஒரு நிமிஷம் இல்லை, அந்த மத்தியானம் முழுக்க நினைத்தேன். குளியலறை வாசலில் நிற்க வேண்டாம். மடிப்பை விரித்துக் காட்ட ஆள் இருக்காது. கடைக்கு மேலே நாங்கள் குடியிருக்கிற இரண்டு அறையில் ஒன்று எனக்கே எனக்கு. பாராளுமன்றத்தில் எதைக் காட்டினார்கள் என்று கேட்டால் எனக்கு இன்றும் தெரியாது.

செவ்வாயும் புதனும் வாய்ச்சண்டையிலேயே போயின. மிருகக்காட்சிசாலையில் சிங்கம் தூங்கிக்கொண்டிருந்தது, நாங்கள்தான் கர்ஜித்தோம். அண்ணி எதைச் சொன்னாலும் நான் குத்தலாக ஒன்று சொன்னேன். உங்களுக்கு ஆளுங்களை இடம் மாத்துறது கைவந்த கலையாச்சே என்றேன். அவருக்கு ஒன்றும் புரியாத மாதிரி முகம். கோபுரத்துக்குப் போன அன்று பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போனாள். ஐந்து நாள் வியர்வை. அண்ணி வாய்விட்டே திட்டினார், சட்டையை மாத்துங்கப்பா, மானம் போகுது என்று. மாமனார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கோபுர வாசலில் காவலுக்கு நின்ற சிப்பாயைப் பார்த்து, காலருக்குக் கஞ்சி ஜாஸ்தி, கழுத்தை அறுத்துடும் என்று வீட்டுக்காரர் கவலைப்பட்டார். அப்பாவின் கழுத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

வியாழக்கிழமை படகுத்துறையில் டிக்கெட் வரிசையில் நானும் அண்ணியும் மட்டும் நின்றோம். அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை. பெத்த அப்பாவுக்குக் கைதி மாதிரி நம்பர் தைச்சிருக்கீங்களே, கை எப்படி வந்தது என்று கேட்டேன்.

அண்ணி என்னை மேலும் கீழும் பார்த்தார். பார்வையில் அவ்வளவு வெறுப்பு.

"நான் எங்க தைச்சேன்? இடம் பார்த்துக் குடுன்னு கேட்டது உன் புருஷன். நம்பரைப் போன்ல சொன்னேன், அவன் கடையிலேயே தைச்சுக் கொண்டுவந்தான். நீதான் இனிமே முடியாதுன்னு சொல்லிட்டியாமே. செய்யறதையும் செஞ்சுட்டு எங்கிட்ட நியாயம் பேசறியா?"

பொய் என்று சொன்னேன். கைப்பையில் திங்கட்கிழமை வைத்த நீலச் சட்டை இன்னும் இருந்தது. அதை எடுத்துக் காலரைத் திருப்பிப் பார்த்தேன். வீட்டுக்காரர் இடதுகைக்காரர். மற்றவர்கள் தைத்தால் முடிச்சு நம்பருக்கு இடதுபக்கம் விழும். அவர் தைத்தால் வலதுபக்கம் விழும். இருபத்திரண்டு வருஷமாக ஒரு நாளைக்கு அறுபது எழுபது காலரில் பார்க்கிற முடிச்சு. வலதுபக்கம்தான் இருந்தது. மூன்று நாளாக அந்தச் சட்டை என் கையிலேயே இருந்தும் நான் திருப்பிப் பார்க்கவில்லை. அது அண்ணியின் வேலையாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டவளுக்கு எதைத் திருப்பிப் பார்க்கத் தோன்றும்.

படகில் வீட்டுக்காரர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ஏன் இப்படிச் செஞ்சீங்க என்றேன். அவர் ஆற்றைப் பார்த்தபடி, எந்தக் கோபமும் இல்லாமல் சொன்னார்.

"நீதானே சொன்ன. இந்த வீட்டுல ஒண்ணு அவர் இருக்கணும், இல்ல நான் இருக்கணும்னு."

சொன்னேன்தான். எட்டு மாதத்துக்கு முன்னால், இஸ்திரிப் பெட்டி கையில் சுட்டு, மாமனார் அதற்கும் ஒரு கிண்டல் செய்த அன்று சொன்னேன். பொங்கி வந்த கோபத்தில் சொன்னது, சாயங்காலமே மறந்துவிட்டது. அவர் அதை எட்டு மாதமாக ஓர் ஆர்டராக வைத்திருந்து நிறைவேற்றியிருக்கிறார். ஏன் என்னிடம் திரும்பக் கேட்கவில்லை என்று அவர் மேல் கோபம் வந்தது. கேட்டிருந்தால் வேண்டாம் என்று சொல்லியிருப்பேனா என்று யோசித்தபோது அந்தக் கோபம் அதைவிட மோசமான ஒன்றாகிவிட்டது. நாளைக்குப் போக வேண்டாம் என்று அங்கேயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. அந்த இரண்டாவது அறை இன்னும் மனசில் ஓர் ஓரத்தில் இருந்தது. அசிங்கம்தான், ஆனால் அதுதான் உண்மை.

வெள்ளிக்கிழமை பத்தே முக்காலுக்குப் போய்விட்டோம். பச்சைப் பெயின்ட் அடித்த இரண்டு மாடிக் கட்டடம். வாசலில் சக்கர நாற்காலிகளை ஒன்றுக்குள் ஒன்று செருகி வைத்திருந்தார்கள். மாளிகையும் இல்லை, தோட்டமும் இல்லை. நாலு தொட்டியில் செடி இருந்தது. மேஜைக்குப் பின்னால் இருந்த பெண் ஒரு படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு, பெரியவருக்கு நாற்பத்தொண்ணு ரெடியா இருக்கு என்றாள். அண்ணி பேனாவை எடுத்தார். வீட்டுக்காரர் பையை மேஜைமேல் வைத்துவிட்டு ஓரமாக நகர்ந்து நின்றார்.

மாமனார் ரகளை பண்ணவில்லை. எங்கே கூட்டிவந்திருக்கிறீர்கள் என்றுகூடக் கேட்கவில்லை. கைத்தடியை மேஜையில் சாய்த்துவிட்டுப் பையின் ஜிப்பை இழுத்தார். மேலே இருந்த சட்டையை எடுத்தார், காலரை விரித்து மகன் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"நம்பர் போட்டிருக்க. கிழமை போடலையே."

அப்பா, இது கடை இல்ல என்று அண்ணி குறுக்கே வந்தார். நான் உங்கிட்ட கேக்கல என்றார் மாமனார், திரும்பிப் பார்க்காமலேயே.

"சனிக்கிழமை ரயில்லயே பார்த்துட்டேன். ஒரு வாரமா இந்த நாத்தச் சட்டையை ஏன் மாத்தலைன்னு நினைச்ச? ஊர் பார்க்கற சந்தோஷத்துலயா? அடித்தட்டுல போடற துணிக்குத்தான் கிழமை இருக்காது. நான் அடித்தட்டான்னு கேக்கறேன், பதில் சொல்லு."

சொல்லுங்கள் என்று நான் மனசுக்குள் கெஞ்சினேன். வீட்டுக்காரர் என்னைத்தான் பார்த்தார். கடையில் ஒரு வாடிக்கையாளர் முன்னால் எப்படி நிற்பாரோ அப்படி நின்றார், அடுத்து என்ன செய்யட்டும் என்று கேட்கிற மாதிரி. முதல் ஆர்டர் என்னுடையது. ரத்து செய்வதும் நானாகத்தான் இருக்க முடியும் என்று அப்போதுதான் உறைத்தது. அறையும் போயிற்று, நிம்மதியும் போயிற்று என்று தோன்றியது. தோன்றியும் சொன்னேன்.

"வெ போடுங்க. வெள்ளி. இன்னைக்கே."

அவர் சட்டைப் பையின் மடிப்பில் எப்போதும் ஓர் ஊசி குத்தியிருக்கும், நூலோடு. எடுத்தார். அங்கே கிடந்த பெஞ்சில் உட்கார்ந்து முதல் சட்டையை மடியில் போட்டுக்கொண்டு 41க்குக் கீழே வெ தைக்க ஆரம்பித்தார். மேஜைப் பெண், சார், இங்க அடுத்தவங்க வெயிட் பண்றாங்க என்றாள். அவர் அடுத்த தையலைப் போட்டார். அண்ணி பேனாவை மூடி வைத்தார். நாலு மாசம் அலைஞ்சு வாங்கின இடம், இனிமே என் வாசப்படி மிதிக்காதீங்க என்று என்னிடம்தான் சொன்னார், தம்பியிடம் இல்லை. வெளியே போய்விட்டார். அவர் அழுதாரா என்று தெரியாது, முதுகு மட்டும்தான் தெரிந்தது. அவரிடம் நான் கேட்டிருக்க வேண்டிய மன்னிப்பு ஒன்று இருந்தது. இன்றுவரை கேட்கவில்லை.

மாமனார் பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு சட்டையாக வாங்கிச் சரிபார்த்தார். நூல் தொங்குது என்றார். இரண்டாவது கோணல் என்றார். மூன்றாவதைப் பிரித்து மறுபடி தைக்கச் சொன்னார். வீட்டுக்காரர் பிரித்துத் தைத்தார். அவர் கண்ணிலிருந்து வழிந்து காலரில் சொட்டிய தண்ணீரைப் பார்த்து, துணி நனையுது, துடைச்சுக்கோ என்றார் மாமனார். கைப்பையில் இருந்த நீலச் சட்டையை நான் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதுதான் ஏழாவது. அது முடிந்ததும் மாமனார் எழுந்து, எல்லோர் முன்னாலும் பழுப்புச் சட்டையைக் கழற்றி என் கையில் போட்டுவிட்டு, நீலச் சட்டையை மாட்டிக்கொண்டார். பொத்தான் போட மகனை விடவில்லை, என்னையும் விடவில்லை.

ஊருக்கு வந்து ஐந்து மாதம் ஆகிறது. ஆறு சட்டையில் நூலைப் பிரித்தாயிற்று. நீலச் சட்டையைப் பிரிக்க மாமனார் விடவில்லை. எங்களுக்குள் ஒன்றும் மாறவில்லை. நான் போட்ட மடிப்பு இன்னும் கோபத்து மடிப்புதான், குளியலறை வாசலில் இன்னும் நான்தான். வீட்டுக்காரர் இப்போது யார் எதைச் சொன்னாலும் இரண்டு தடவை திருப்பிக் கேட்கிறார், வாடிக்கையாளர்கள் எரிச்சல்படுகிறார்கள். ஒன்றே ஒன்றுதான் புதிது. வெள்ளிக்கிழமை தோறும் மாமனார் அந்த நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு, காலரை வெளிப்பக்கமாக மடித்துவிட்டு, தடியை ஊன்றிக்கொண்டு கவுன்ட்டருக்கு முன்னால் வந்து நிற்கிறார். கடையில் ஆள் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. இருபத்திரண்டு வருஷம் மகன் வழியாகவே பேசியவர், என் முகத்தைப் பார்த்து நேரடியாகக் கேட்கிறார்.

"வெள்ளிக்கிழமை. நாற்பத்தொண்ணாம் நம்பரை எடுத்துட்டுப் போக ஆள் இருக்கா?"

இருக்கு மாமா என்று நான் சொல்லும்வரை அவர் அந்த இடத்தைவிட்டு நகர்வதில்லை.